ஊசியா, மிளகு ரசமா?

நேற்று ராத்திரி எங்கள் வீட்டில் ஃப்ளூ ஊசிக்காகச் சண்டை. "அரசாங்க அட்டவணையிலேயே இல்லாத ஊசி. அவசியம்னா சுகாதார நிலையத்துலயே போட மாட்டாங்களா?" என்கிறார் இவர். நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 6 மாதம் முதல் 5 வயது வரை வருடாவருடம் போடச் சொல்கிறதே!

"போன வருஷம் பெரியவளுக்கு ரெண்டு தவணை போட்டோம். அப்புறமும் சளி பிடிச்சுதே?" இது அடுத்த அஸ்திரம். எல்லாச் சளிக்கும் ஃப்ளூ காரணமில்லை. வேறு எத்தனையோ வைரஸ்கள் உண்டு. ஃப்ளூ வைரஸோ அடிக்கடி சட்டை மாற்றுகிற ஆசாமி. அதனால்தான் எந்த ரகங்களைத் தடுப்பூசியில் சேர்ப்பது என்று உலக சுகாதார நிறுவனம் வருடத்துக்கு இரண்டு முறை உட்கார்ந்து பேசுகிறது. காய்ச்சலே வராது என்று யாரும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் படுக்க வைக்கும் அளவுக்குப் போவது குறையும். எனக்கு அது போதும்.

அத்தை யார் பக்கமும் இல்லை. மிளகு ரசத்தின் பக்கம்.

காலையில் பல் துலக்கிக்கொண்டே இவர் கேட்டார்: "சின்னவனுக்கு முதல் தடவைன்னா, நாலு வாரம் கழிச்சு இன்னொண்ணும் போடணுமாமே?" ராத்திரியே யாரிடமோ விசாரித்திருக்கிறார்!

"அவளுக்கு ஒண்ணு, அவனுக்கு ரெண்டு" என்று விரல்விட்டு எண்ணினேன். பர்ஸைத் திறந்து பார்த்தார்.