தண்ணீர் போனால் உப்பு நிற்கும்

எங்கள் மரக்காணத்தில் இரும்புக்கு ஆயுசு கம்மி. உப்பளத்துக் காற்று ஜன்னல் கம்பியையே தின்றுவிடும், காரை விடுமா? என்னிடம் இருப்பது 1986ஆம் வருஷத்து பிரீமியர் பத்மினி. வேலையில் இருந்தபோது வைப்பு நிதியில் கடன் போட்டுப் பழைய வண்டியாக வாங்கியது. புதுச்சேரிக்குக் கண் டாக்டரிடம் போக வர இன்றும் அதுதான் எங்களுக்குத் துணை. "வித்துடுங்கப்பா" என்று மகன் சொல்லாத மாதம் இல்லை.

போன மாசியில் ரேடியேட்டரில் தண்ணீர் குறைய ஆரம்பித்தது. ஒரு தடவை புதுச்சேரி போய்வந்தால் அரை லிட்டர் ஊற்ற வேண்டும். ஒரு ஒர்க்ஷாப்பில் பார்த்தவுடனே "ரேடியேட்டர் போச்சு சார்" என்றார்கள். மாற்றினேன். பணம் போனது, தண்ணீரும் போய்க்கொண்டேதான் இருந்தது.

நான் படித்தது பிரெஞ்சுப் பள்ளியில். அந்த மொழியில் ஒழுகுவதற்கும் ஓடிப்போவதற்கும் ஒரே சொல்தான்: ஃப்யுயித். ஓடிப்போனவனைத் தடம் பார்த்துத்தானே பிடிக்க வேண்டும்? ராத்திரி என்ஜினுக்கு அடியில் பழைய செய்தித்தாளை விரித்தேன். காலையில் என்ஜின் ஆறியிருக்கும்போது பானெட்டைத் திறந்து டார்ச் அடித்தேன். (சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது, கொதிநீர் முகத்தில் அடிக்கும்.) தாளில் ஓரிடத்தில் ஈரம். அதற்கு நேர் மேலே வாட்டர் பம்பின் அடியில் ஒரு சின்னத் துளை, அதைச் சுற்றி வெள்ளைப் பொருக்கு. நான் ஊற்றி வந்தது எங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீர். பாத்தியில் தண்ணீர் வற்றினால் உப்பு நிற்கிற மாதிரி இங்கும் நின்றிருக்கிறது. பம்புக்குள் சீல் தேய்ந்தால் வெளியே தெரியட்டும் என்றே வைத்த துளை அது.

கண்டுபிடித்த பெருமையில் இன்னொன்றைக் கோட்டைவிட்டேன். "என்னங்க, பெட்ரோல் வாசனை வருது" என்று மனைவி பத்து நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். "பழைய வண்டின்னா அப்படித்தான்" என்றேன். தாளில் ஒரே ஈரம்தானே என்ற தைரியம். பெட்ரோல் விடிவதற்குள் ஆவியாகிவிடும், உப்பு மாதிரி எதையும் விட்டுவைக்காது என்பது எனக்கு உறைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பம்பு மாற்றப் புறப்பட்டேன். வண்டியை ஸ்டார்ட் செய்து வாசலில் கொண்டுவந்து நிறுத்தினேன். வழக்கம்போல அவள் தட்டில் சூடம் ஏற்றிக்கொண்டு வந்தாள். டயருக்கு எலுமிச்சம்பழம் வைக்கக் குனிந்த எனக்கு வாசனை குப்பென்று ஏறியது. என்ஜினுக்கு அடியில் தரை நனைந்து பளபளத்தது.

"அங்கேயே நில்லு!"

நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டார் வெளியே வந்துவிட்டார்கள். அவள் எரியும் தட்டோடு படியிலிருந்தே திரும்பி உள்ளே போனாள். நடுவே நாலடி தூரம்கூட இல்லை.

அதற்கப்புறம் சாவியையே தொடவில்லை. மெக்கானிக் தம்பி வீட்டுக்கே வந்தார். முதலில் ஆயில் குச்சியை உருவி முகர்ந்தார்.

"ஆயில் ஊத்தினீங்களாய்யா?"

"இல்லையே."

"அளவு ஏறியிருக்கு. பெட்ரோல் உள்ளேயும் இறங்கியிருக்கு."

பெட்ரோல் பம்பைக் கழற்றினார். உள்ளே டயாப்ரம் கிழிந்திருந்தது. இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்து வருகிறது, பழைய ரப்பர் அதைத் தாங்காது என்றார். பெட்ரோல் கலந்த ஆயில் நீர்த்துப்போகும், அப்படியே ஓட்டினால் பேரிங் போய்விடும் என்றும் சொன்னார். இரண்டு பம்புகளையும் ரப்பர் ஹோஸ்களையும் ஆயிலையும் மாற்றினோம். ரேடியேட்டரில் இப்போது கூலன்ட்தான் ஊற்றுகிறேன், கிணற்றுத் தண்ணீர் இல்லை.

பழைய வண்டி வைத்திருக்கும் என் வயசுக்காரர்களுக்குச் சொல்வது இதுதான். தண்ணீர் ஒழுகினால் கண்ணால் தேடலாம். பெட்ரோலுக்கு மூக்குதான் சாட்சி. வீட்டில் யாராவது வாசனை வருகிறது என்றால் அன்றைக்கே பாருங்கள், ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

வெள்ளிக்கிழமை சூடம் இன்னும் உண்டு. ஆனால் இப்போது வேப்பமரத்தடியில் ஏற்றி, அது அணைந்த பிறகுதான் வண்டிக்குக் குங்குமம் வைக்கிறாள். அதற்கு முன்னால் ஒருமுறை முகர்ந்தும் பார்க்கிறாள். நான் ஒன்றும் சொல்வதில்லை.