பிளைட்டி

பிரிட்டிஷ்காரர்கள் தங்கள் நாட்டைச் செல்லமாக ‘பிளைட்டி’ என்பார்கள். வீட்டை விட்டு வெகுதூரம் போனவர்கள் வாயில்தான் அதிகம் வரும். ஆனால் சொல் அவர்களுடையது அல்ல. இந்துஸ்தானியில் ‘விலாயதி’ என்றால் அயல்நாட்டது. ‘பிலாயதி’ என்றும் சொல்வார்கள். இங்கே முகாமிட்டிருந்த வெள்ளைச் சிப்பாய்கள் காதில் விழுந்தபடி எடுத்துக்கொண்டு போனார்கள். நாம் ‘அந்நியம்’ என்று சுட்டிய சொல், அவர்களுக்குத் ‘தாய்வீடு’ ஆகிவிட்டது.

*

வேர் அரபி. ‘விலாயா’ என்றால் ஆட்சிப்பகுதி, மாகாணம். இந்தியாவுக்கு வந்தபின் அது ‘விலாயத்’ ஆனது; பொருள் அயல்நாடாகி, கடைசியில் இங்கிலாந்து ஆனது.

நம் ‘சீமை’யும் இதே தடத்தில் நடந்திருக்கிறது! முதலில் எல்லை. பிறகு எல்லைக்குட்பட்ட நாடு: சிவகங்கைச் சீமை. பிறகு கடல் கடந்த நாடு: சீமைத்துரை, சீமைச் சுண்ணாம்பு. எங்கள் ஆத்தா கடைசிவரை மண்ணெண்ணெய் என்று சொன்னதில்லை. ரேஷன் கடைக்குத் தகர டின்னைக் கொடுத்தனுப்பும்போது, “சீமெண்ணெய் ஊத்துறாங்களாம், ஓடு” என்பாள்.

வடக்கே அந்நாளில் சோடாவுக்கு ‘பிலாயதி பானி’ என்று பெயர் இருந்தது. 1886இல் வந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதியில் இருக்கிறது. சீமைத் தண்ணீர்!

*

முதல் உலகப்போரில்தான் ‘பிளைட்டி’ என்ற சொல்லுக்கு உயிர் வந்தது. பிரான்சில் பதுங்குகுழிச் சேற்றில் கிடந்த பிரிட்டிஷ் சிப்பாய்கள் ‘ஒரு பிளைட்டி’ கிடைக்காதா என்று ஏங்கினார்கள். அவர்கள் கேட்டது ஒரு காயம். ஆளைக் கொல்லக் கூடாது, முடமாக்கவும் கூடாது. ஆனால் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பும் அளவுக்கு இருக்க வேண்டும். தொடைச் சதையைத் துளைத்து, எலும்பைத் தொடாமல் போன குண்டு என்றால் பக்கத்தில் இருப்பவன் பொறாமைப்படுவான். தன்னைத்தானே சுட்டுக்கொண்டவர்களும் உண்டு. அது ராணுவக் குற்றம், பிடிபட்டால் தண்டனை உண்டு. தன் உடம்பில் எந்த இடத்தைக் கொடுக்கலாம் என்று ஒரு பையன் இரவெல்லாம் கணக்குப் போட்டிருப்பானே, அதை நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது.

*

அதே போரில், அதே பிரான்சில் நம் நாட்டுச் சிப்பாய்களும் இருந்தார்கள். அவர்களுக்கு விலாயத் என்றால் விலாயத்தான். 1914 டிசம்பர் முதல் இங்கிலாந்தின் பிரைட்டன் நகர அரண்மனையில் அவர்களுக்கென்று ஆஸ்பத்திரி நடந்தது. காயம்பட்டவர்களைக் கப்பலேற்றி அங்கே கொண்டுபோனார்கள். வெள்ளைக்காரன் ஏங்கிய அதே கரைதான். இவர்களுக்கு அங்கே வீடு இல்லை. குணமானவர்களில் பலரைத் திரும்பவும் போர்முனைக்கே அனுப்பினார்கள்.