மாட்டுங்காவின் நாக்கு

உலகக் காபி நிபுணர்கள் நூற்றுக்கு மார்க் போடுகிறார்கள். மும்பைத் தமிழர்களோ டம்ளரைக் கீழே வைக்கும் விதத்திலேயே தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள்.

மாட்டுங்கா ரயில் நிலையத்தின் கிழக்குப் பக்கம் இறங்கியதும் மூக்குக்கு முதலில் எட்டுவது மல்லிகை. பூக்கடைகளைத் தாண்டி கிங்ஸ் சர்க்கிள் நோக்கி நடந்தால் மல்லிகை மெல்ல விலகி, வறுபட்ட காபிக்கொட்டையின் மணம் வழிமறிக்கிறது. கடைக்குள் அரவை இயந்திரத்தின் இரைச்சல். கவுண்டரில் நிற்பவர்கள் பேசும் மொழி வெளியாளுக்குப் புரியாது. "அரைக் கிலோ. பீபெரி பாதி, பிளாண்டேஷன் பாதி. சிக்கரி இருபது." கடைக்காரர் எதையும் எழுதிக்கொள்வதில்லை. வந்தவரின் முகத்தைப் பார்த்தாலே விகிதம் நினைவுக்கு வந்துவிடுகிறது. வெளியூர் போன மகன் திரும்பி வந்து நின்றால் அப்பாவின் விகிதத்தை நிறுத்துக் கொடுக்கும் கடைகள் இவை. மைசூர் கன்சர்ன்ஸ், பிலிப்ஸ் என்ற பெயர்களைச் சொன்னால் மாட்டுங்காவில் வளர்ந்த எவருக்கும் விளக்கம் தேவைப்படாது.

நாக்கை வைத்துத் தீர்ப்புச் சொல்வது மேலை நாடுகளில் ஒரு தனித் தொழில். ஒயினுக்கு நூற்றுக்கு இத்தனை என்று மார்க் போடும் வழக்கம் முதலில் பரவியது. 1992ல் தொடங்கிய 'சிகார் அஃபிஷியனாடோ' என்ற அமெரிக்கப் பத்திரிகை அதைச் சுருட்டுக்குக் கொண்டுவந்தது. காபிக்கும் அப்படி ஒரு சாஸ்திரம் உண்டு. அரைத்த பொடி 8.25 கிராம், தண்ணீர் 150 மில்லி, சூடு ஏறக்குறைய 93 டிகிரி செல்சியஸ். வடிகட்டுவதில்லை. நான்கு நிமிடம் கழித்து மேலே மிதக்கும் பொடியைக் கரண்டியால் விலக்கி, கிளம்பும் மணத்தை முகர்கிறார்கள். பிறகு ஒரு கரண்டி எடுத்து, 'சர்ர்ர்' என்று ஊருக்கே கேட்கும்படி உறிஞ்சுகிறார்கள். திரவம் தூவானமாகி நாக்கு முழுவதும் படவேண்டும், மணம் உள்வழியாக மூக்குக்கு ஏறவேண்டும். அதற்குத்தான் அந்தச் சத்தம். பிறகு துப்பிவிடுகிறார்கள். பாலும் கிடையாது, சர்க்கரையும் கிடையாது.

மணம், ருசி, பின்ருசி, புளிப்பு, கனம், சமநிலை, இனிப்பு என்று மொத்தம் பத்து அம்சங்கள். ஒவ்வொன்றுக்கும் பத்து மார்க். எண்பதைத் தொட்டால் அது 'ஸ்பெஷாலிட்டி' காபி. எழுபத்தொன்பது என்றால் சாதா. இந்த ஒரு மார்க் வித்தியாசத்தில் சிக்மகளூரிலும் குடகிலும் ஏற்காட்டிலும் இருக்கும் விவசாயியின் விலை மாறிவிடும்.

மாட்டுங்காவின் கோப்பையை இந்த மேசையில் வைத்தால் என்ன ஆகும்? முதல் சுற்றிலேயே வெளியேற்றப்படும். காரணம் சிக்கரி.

சிக்கரி காபியே அல்ல, ஒரு செடியின் வேர். குஜராத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் விளைகிறது. வறுத்து அரைத்தால் காபிப்பொடி போலவே இருக்கும். ஆனால் காஃபீன் கிடையாது. காபிப்பொடியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் தண்ணீரில் கரையும். சிக்கரியில் பெரும்பகுதி கரைந்துவிடும். அதனால்தான் சிக்கரி சேர்ந்த டிகாக்‌ஷன் கறுத்து, கெட்டியாக, பாலுக்கு ஈடுகொடுத்து நிற்கிறது. வெறும் காபியில் இறங்கும் டிகாக்‌ஷன், ஒரு டம்ளர் எருமைப்பாலில் காணாமல் போய்விடும். காபி விலை ஏறும்போதெல்லாம் சிக்கரி பட்ஜெட்டையும் காப்பாற்றியது. சட்டமும் இதை ஏற்றுக்கொண்டிருக்கிறது. கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக்கூடாது, விகிதத்தைப் பாக்கெட்டின் மேல் அச்சிடவேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

நிபுணர் கலப்படம் என்று சொல்வதை மாட்டுங்கா கைப்பக்குவம் என்கிறது. இருவரும் இரண்டு வெவ்வேறு பானங்களைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பதுதான் உண்மை.

இந்தக் கைப்பக்குவத்துக்குப் பின்னால் ஒரு அரசாங்கக் கதையும் உண்டு. இந்தியர்களைக் காபி குடிக்க வைப்பதற்காகக் காபி வரிக் கமிட்டி தனது முதல் இந்தியா காபி ஹவுஸை 1936ல் திறந்த இடம் சென்னையோ பெங்களூரோ அல்ல. பம்பாயின் சர்ச்கேட். 1942ன் சட்டம் காபி வாரியத்துக்கு முழு அதிகாரம் கொடுத்தது. விளைந்த கொட்டை எல்லாம் 'பூல்' என்ற பொதுக் குவியலுக்குப் போயிற்று. நல்ல தோட்டத்துக் கொட்டையும் சுமாரான தோட்டத்துக் கொட்டையும் ஒரே தரப் பெயரில் கலந்து ஏலத்துக்கு வந்தன. எந்த மலை, எந்த எஸ்டேட் என்று வியாபாரிக்குத் தெரியாது. வாடிக்கையாளரோ போன மாத ருசியையே இந்த மாதமும் கேட்பார். பீபெரியைக் கொஞ்சம் கூட்டி, ரொபஸ்டாவைக் கொஞ்சம் தொட்டு, வறுவலை அரை நிமிடம் தள்ளிப்போட்டு அந்த ருசியைப் பிடித்தாக வேண்டும். மார்க் பட்டியல் இல்லாத காலத்தில் கடைக்காரரின் நாக்கே பரிசோதனைக்கூடமாக இருந்தது.

1996ல் பூல் முறை முடிவுக்கு வந்தது. தோட்டக்காரர்கள் தங்கள் பெயரிலேயே விற்கத் தொடங்கினார்கள். காபி வாரியம் 'ஃபைன் கப்' போட்டி நடத்தி நல்ல கொட்டைக்கு விருது தருகிறது. இன்று பாந்த்ராவின் புதிய கஃபேக்களில் பாக்கெட்டின் மேல் எஸ்டேட் பெயரும், கடல்மட்டத்திலிருந்து உயரமும், 'ஆரஞ்சு, சாக்லேட், வெல்லம்' என்று ருசிக் குறிப்பும் இருக்கின்றன. விவசாயிக்கு இது லாபம். மாட்டுங்கா பேரனுக்கோ தர்மசங்கடம். தாத்தாவின் காபி எண்பது மார்க் கூட வாங்காது என்று இப்போது அவனுக்குத் தெரிந்துவிட்டது.

இந்தத் தாத்தாக்கள் மாட்டுங்காவுக்கு வந்ததே ஒரு கொள்ளைநோயின் விளைவு. 1896ல் பம்பாயைப் பிளேக் உலுக்கியது. இரண்டு ஆண்டுகளில் நகர மேம்பாட்டு டிரஸ்ட் பிறந்தது. நெரிசலைக் குறைக்க அது வடக்கே திட்டமிட்ட பகுதிகளில் தாதர், மாட்டுங்கா, சயான் அடங்கும். சுருக்கெழுத்தும் தட்டச்சும் கற்று ரயிலேறிய தமிழ்க் குமாஸ்தாக்கள் இங்கே குடியேறினார்கள். 1932ல் தென்னிந்தியக் கல்விச் சங்கம். பஜனை சமாஜம். 1952ல் ஷண்முகானந்தா சபா. கூடவே உடுப்பிக்காரர்களின் சாப்பாட்டுக் கடைகள். 1966ல் சிவசேனை பிறந்து, தென்னிந்தியர்களுக்கு எதிரான கோஷம் கல்லெறியாக மாறிய ஆண்டுகளிலும் ஃபில்டரில் டிகாக்‌ஷன் இறங்குவது நிற்கவில்லை.

குடும்பம் பெருகியபோது மாட்டுங்கா கொள்ளவில்லை. அடுத்த தலைமுறை சயானைத் தாண்டிச் செம்பூருக்குப் போயிற்று. டிராம்பேயின் அணு ஆராய்ச்சி மையம், உரத் தொழிற்சாலை, எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் என்று வேலைகளும் அந்தப் பக்கம்தான். சேடா நகரில் முருகனுக்குக் கோயில் எழும்பியது. திருச்செந்தூரை நினைத்து அதைத் 'திருச்செம்பூர்' என்றே அழைக்கிறார்கள். கோயிலைக் கட்டிக்கொண்ட பிறகும் காபிப்பொடிக்கு மட்டும் மாட்டுங்காவுக்கே வரும் செம்பூர்க்காரர்கள் உண்டு.

இதுவரை சொன்னது பாதிக் கதை. மாட்டுங்கா என்ற பெயரிலேயே இன்னொரு இடம் இருக்கிறது. ரயில் பாதையின் மேற்கே, தாராவியை ஒட்டிய மாட்டுங்கா லேபர் கேம்ப். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்தே திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்கள் தாராவியின் தோல் பதனிடும் தொட்டிகளில் இறங்கினார்கள். ஒடுக்கப்பட்ட சாதியினரும் தமிழ் முஸ்லிம்களும் அவர்களில் அதிகம். பாதைக்குக் கிழக்கே காபி, மேற்கே 'கட்டிங்' டீ. இடையில் இருந்தது தண்டவாளம் மட்டும் அல்ல.

டம்ளரின் வெளிப்பக்கம் மடிந்த விளிம்பைப் பாருங்கள். உதடு படாமல் தூக்கிக் குடிக்க வசதியான வடிவம். எச்சில் பற்றிய அச்சம் பித்தளையில் வார்க்கப்பட்டிருக்கிறது. ஊரில் காபி கிளப்புகளில் யார் எங்கே உட்காரலாம் என்பதற்குச் சுவரும் தட்டியும் இருந்தன. 1957ல் சென்னையில் முரளி கஃபேயின் பெயர்ப் பலகையிலிருந்து 'பிராமணாள்' என்ற சொல்லை நீக்கக் கோரி திராவிடர் கழகம் மாதக்கணக்கில் போராடவேண்டியிருந்தது. நல்ல காபி எது என்று தீர்ப்புச் சொன்ன நாக்குகள் யாருடையவை என்ற கேள்வியை, நூறு மார்க் பட்டியல் மட்டும் அல்ல, மாட்டுங்காவும் எதிர்கொள்ளத்தான் வேண்டும்.

தாராவி அந்தக் கேள்விக்குத் தன் வழியில் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது. மும்பைத் தெருக்களில் ஹாரன் அடித்தபடி சைக்கிளில் வரும் இட்லிக்காரர் பெரும்பாலும் தாராவியிலிருந்து கிளம்பியவர். விடியுமுன் அங்கே ஆவியில் வேகும் இட்லி, மாநகரத்தின் மூலைமுடுக்கெல்லாம் போகிறது. வாங்குகிறவர்கள் குஜராத்தியர், மராட்டியர், பிஹாரியர். சில சைக்கிள்களில் கூடவே ஒரு ஃபிளாஸ்க். தடுப்புச் சுவரோ தனிப் பலகையோ இல்லாத கடை அது. எவருக்கும் ஒரே பேப்பர் கப்.

இப்போது இரண்டு பக்கமும் இடிபாடு. மாட்டுங்காவின் மூன்று மாடிப் பழைய கட்டடங்கள் ஒவ்வொன்றாகக் கோபுரங்களாகின்றன. தாராவியை மறுகட்டமைக்கும் ஏலத்தை 2022 நவம்பரில் அதானி குழுமம் வென்றது. யாருக்கு அங்கேயே வீடு, யாருக்கு வேறெங்கோ என்பது ஆவணங்களைப் பொறுத்தது. வீடே பட்டறையாக இருக்கும் இட்லிக்காரருக்கு முகவரி மாறினால் தொழிலே மாறிவிடும். விடியுமுன் ரயில் நிலையத்துக்கு நடந்துபோகும் தூரத்தில் இருப்பதுதான் அவருடைய மூலதனம்.

நிபுணர்களும் மனம் மாறிக்கொண்டிருக்கிறார்கள். 2023ல் சர்வதேச ஸ்பெஷாலிட்டி காபி சங்கம் ஒரு புதிய மதிப்பீட்டு முறையை அறிமுகப்படுத்தியது. கோப்பையில் என்ன இருக்கிறது என்று விவரிப்பது ஒரு தாளில், குடிப்பவருக்குப் பிடித்திருக்கிறதா என்பது வேறொரு தாளில். காபி எங்கே விளைந்தது, யார் விளைவித்தார்கள் என்பதற்கும் தனி இடம். ருசியும் விருப்பமும் ஒன்றல்ல என்பதை ஒப்புக்கொள்ள அவர்களுக்கு ஒரு புதிய படிவம் தேவைப்பட்டது.

மாட்டுங்காக் கடையில் மாலைக் கூட்டம். செம்பூரிலிருந்து வந்த ஒரு பெரியவர் பொடியை விரலிடுக்கில் தேய்த்து முகர்கிறார். முகம் லேசாகச் சுளிக்கிறது. கடைக்காரர் ஒன்றும் கேட்காமல் பொட்டலத்தைத் திரும்ப வாங்கி, கைப்பிடி பீபெரியைச் சேர்த்து அரைக்கிறார். பெரியவர் மறுபடி முகர்ந்து, தலையை அசைத்துப் பையில் போட்டுக்கொள்கிறார். மார்க் போட்டாயிற்று. வெளியே ஒரு சைக்கிள் ஹாரன் கேட்கிறது.