உயர்ந்த நிலமும் எங்கள் ஊர் மண்ணும்

“மலைபோல் நம்பியிருந்தேன்” என்று நம் பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அசையாதது, மாறாதது, என்றும் இருப்பது மலை என்பதே நம் எண்ணம். ஆனால் மலையும் எழும், மலையும் தேயும், தேய்ந்து பொடியாகி நம் வயலுக்கே வந்து சேரும் என்பதைப் பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் இவ்வாண்டு புவியியல் பாடத்தில் அறிந்து வியந்தோம். அதை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

எங்கள் சோழவந்தான் வைகைக் கரையில் அமைந்த ஊர். நெல்லும் தென்னையும் வெற்றிலைக் கொடிக்காலும் எங்கள் செல்வங்கள். எங்கள் வெற்றிலைக்கு 2023 ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது எங்களுக்கெல்லாம் பெருமை. கடல் மட்டத்திலிருந்து எங்கள் ஊரின் உயரம் 200 மீட்டருக்கும் குறைவுதான். மழை பெய்து ஓய்ந்த நாளில் மேற்கே நோக்கினால் பழனி மலைத்தொடர் நீல மதில்போல் தோன்றும். அம்மதிலின்மேல் இருப்பதே கொடைக்கானல். நேர்கோட்டில் அளந்தால் எங்கள் ஊரிலிருந்து 60 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். உயரமோ ஏறத்தாழ 2,100 மீட்டர்!

சென்ற தை மாதம் எங்கள் வகுப்புச் சிஸ்டர் எங்களைக் கல்விச் சுற்றுலாவாக அங்கு அழைத்துச் சென்றார். நிலக்கோட்டை, வத்தலக்குண்டு கடந்து மலைப்பாதையில் பேருந்து வளைந்து வளைந்து ஏறியது. சிலர் எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடியே வந்தோம். காது அடைத்தது, காற்று குளிர்ந்தது. 1,000 மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ ஆறரை டிகிரி குறையும் என்று பாடத்தில் படித்ததை அன்று உடம்பே உணர்ந்தது.

உச்சியை அடைந்தால் கூர்மையான சிகரங்களைக் காண்போம் என்று எதிர்பார்த்த எங்களுக்கு அங்கே வேறொரு காட்சி காத்திருந்தது. மன்னவனூர்ப் பக்கம் சென்றபோது பச்சைப் புல்வெளி மெல்ல மேடும் பள்ளமுமாகப் பரந்து கிடந்தது. ஓடைகள் அவசரமின்றி நெளிந்து ஓடின. “இது மலையா, சமவெளியா?” என்றாள் ஒரு தோழி. “இரண்டுந்தான். உயரத்தில் உட்கார்ந்திருக்கும் சமவெளி. இதைத்தான் பீடபூமி என்கிறோம்” என்றார் சிஸ்டர்.

இத்தனை உயரத்தில் சமவெளி எப்படி வந்தது? இதற்கு விடை பாறையில் இருக்கிறது. கொடைக்கானல் மலையின் பெரும்பகுதி சார்னோக்கைட் என்னும் கருநிறம் கலந்த கடினமான பாறை. 1893 ஆம் ஆண்டில் தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியல் அறிஞர், கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறைக் கல்லை ஆராய்ந்து, அவர் பெயரையே இப்பாறைக்கு இட்டார். இப்பாறை நிலத்தின் மேற்பரப்பில் உருவாகக் கூடியதன்று. சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், 20 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து உருவானது. மதுரைச் சமவெளியின் அடியில் கிடப்பவையும் இதே குடும்பத்துப் பாறைகளே. ஆக, மலையும் எங்கள் ஊரும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஒன்று உயரத்தில் நின்றது. மற்றொன்று தாழ்ந்து கிடக்கிறது.

அவ்வளவு ஆழத்தில் இருந்த பாறை மேலே வந்த வரலாறு நெடியது. ஒரு காலத்தில் இந்தியா, ஆப்பிரிக்கா, மடகாஸ்கர் முதலியன ஒன்றாக ஒட்டியிருந்தன. சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் மடகாஸ்கரும், பின்னர் சுமார் 6 கோடியே 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன் செசெல்ஸ் தீவுகளும் இந்தியாவின் மேற்குப் பக்கத்திலிருந்து பிரிந்தன. பிரிந்த விளிம்பு உயர்ந்தது. நாடே மேற்கில் உயர்ந்து கிழக்கில் சாய்ந்தது. காவிரியும் வைகையும் கிழக்கு நோக்கி ஓடுவது இச்சாய்வினால்தான்.

மற்றொரு காரணமும் உண்டு. மதுரை மாரியம்மன் தெப்பக்குளத்தில் தை மாதத் தெப்பத் திருவிழாவைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பாரம் ஏற ஏறத் தெப்பம் நீரில் அமிழும். இறங்க இறங்க மேலெழும். நாம் நிற்கும் நிலமும் அடியிலுள்ள அடர்ந்த பாறைமேல் அவ்வாறே மிதக்கிறது. மழையும் ஆறும் மேல்மண்ணை அரித்துச் செல்லச் செல்லப் பாரம் குறைகிறது. நிலம் மெல்ல எழும்புகிறது. உறுதியான பாறை உள்ள இடம் தேயாமல் உயர்ந்து நிற்கிறது. சுற்றுப்புறம் கரைந்து தாழ்கிறது. எப்போது எவ்வளவு எழுந்தது என்று அறிஞர்கள் இன்றும் வாதிடுகிறார்கள்.

நிலம் எழுந்ததற்கு ஆறே சாட்சி. பீடபூமியின்மேல் முதுமைக்குரிய நிதானத்தோடு ஓடும் ஓடை, விளிம்பை அடைந்ததும் இளங்கன்றுபோல் குதிக்கிறது. மலைப்பாதையில் செல்வோர் காணும் தலையாறு அருவி 297 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது. மெலிந்து நீண்டிருப்பதால் அதனை எலிவால் அருவி என்பர். நிலம் உயர்ந்தபின் ஆறு தன் பாதையை இன்னும் முழுமையாக வெட்டி முடிக்கவில்லை என்பதையே இவ்வருவி காட்டுகிறது.

உலகிலேயே பெரிய உயர் சமவெளி திபெத் பீடபூமி. அதன் சராசரி உயரம் 4,500 மீட்டருக்கு மேல். சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்திய நிலத்தட்டு ஆசியாவோடு மோதியதால் இடையிலிருந்த கடல் மறைந்தது. நிலத்தின் மேலோடு ஏறத்தாழ இரு மடங்கு தடித்து, சுமார் 70 கிலோமீட்டர் ஆயிற்று. எவரெஸ்ட் சிகரத்தின் சுண்ணாம்புப் பாறையில் கடல் உயிர்களின் படிவங்கள் உள்ளன என்றால் என்ன விந்தை! இந்தியா இன்றும் ஆண்டுக்கு ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் வடக்கே நகர்கிறது. நம் விரல் நகம் வளரும் வேகத்தைவிடச் சற்றே அதிகம்.

எங்கள் தோழி ஒருத்தியின் அப்பத்தா கொடிக்காலில் முதுமை அடைந்தவர். எவரெஸ்ட், திபெத் எதையும் அவர் படித்ததில்லை. நாங்கள் இச்செய்தியைச் சொன்னபோது அவர் சிரித்தார். “இது தெரியாதாக்கும்? மலை மண்ணு வந்து படியிறதாலதான் ஆத்தா நம்ம வெத்தலைக்கு அந்த ருசி” என்றார்.

அவர் சொன்னது உண்மை. தலையாற்று நீர் மஞ்சளாற்றில் சேர, மஞ்சளாறு எங்கள் ஊருக்கு மேலே வைகையில் கலக்கிறது. மலையிலிருந்து உருண்ட கல் மணலாகி, மணல் வண்டலாகி, வண்டல் எங்கள் கொடிக்காலாயிற்று. உயர்ந்த நிலம் தன்னையே அரைத்துத் தந்த கொடை இது. அந்த மணல் மழைநீரை ஏந்தி வைத்துக்கொள்வதால்தான் கரையோரக் கிணறுகள் ஊறின.

இன்று நிலைமை என்ன? பாலத்திலிருந்து பார்த்தால் மணல் இருந்த இடங்களில் பள்ளங்களும் சீமைக்கருவேல மரங்களும் தெரிகின்றன. லாரி லாரியாக மணல் போயிற்று என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். 1959 ஆம் ஆண்டில் வைகை அணை கட்டப்பட்டது. அணையால் பாசனம் பெருகியது. அதே அணை மேலிருந்து வரும் மணலைத் தடுத்தும் வைக்கிறது. ஆகவே எடுத்த மணலுக்கு ஈடாகப் புது மணல் எளிதில் வருவதில்லை. எங்களுள் ஒருத்தியின் வீட்டுக் கிணறு இரண்டு கோடையாக வற்றிவிட்டது. அவள் அப்பா கொடிக்காலை விட்டுவிட்டு மதுரையில் கடை வேலைக்குச் செல்கிறார். அன்று முதல் அவள் வீட்டில் விடியற்காலையில் வெற்றிலை கிள்ளி அடுக்கும் வேலை இல்லை. “தூங்க நேரம் கிடைத்தது, தூக்கம்தான் வரவில்லை” என்றாள் அவள்.

கணக்கிட்டுப் பாருங்கள் தோழியரே! பழனி மலைப் பீடபூமி ஆண்டொன்றுக்குத் தேய்வது ஒரு தலைமயிரின் கனம்கூட இராது. அப்படிக் கோடிக்கணக்கான ஆண்டுகள் தேய்ந்து சேர்த்த சேமிப்பை ஒரு தலைமுறை செலவழித்துவிடுகிறது. பாட்டன் சேர்த்த சொத்தைப் பேரன் அழிப்பதை நம் ஊரார் ஏசுவார்கள். மலை சேர்த்த சொத்தை அழித்தால் ஏச வேண்டாமா?

நாங்கள் சிறுமியர், லாரியை நிறுத்தும் வலிமை எங்களுக்கு இல்லை. ஆயினும் வீட்டில் கட்டட வேலை நடந்தால் மணல் எங்கிருந்து வருகிறது என்று கேட்க வாய் உண்டு. ஆற்று மணலுக்குப் பதிலாகப் பாறையை உடைத்துச் செய்யும் எம்-சாண்ட் உண்டென்று சொல்ல அறிவு உண்டு. அப்பாறையும் மலைதானே என்பதால் வேண்டிய அளவே கட்டுவோம் என்று சொல்லவும் துணிவு வேண்டும். பெற்றோரே, உங்கள் மகள் இப்படிக் கேட்டால் “உனக்கென்ன தெரியும்” என்று சொல்லிவிடாதீர்கள். 55 கோடி ஆண்டுக் கதையைப் படித்துவிட்டுத்தான் அவள் கேட்கிறாள்.