எதைத் தெரிவு செய்வது?

1970 தொடக்கம் 1977 வரையான காலத்தை அறிந்த எமது தலைமுறையினருக்கு, தெரிவுகள் அளவுக்கு மீறிப் பெருகிவிட்டன என்ற முறைப்பாடு சற்று வேடிக்கையாகவே இருக்கும். திருமதி சிறிமாவோ பண்டாரநாயக்காவின் ஆட்சியில் அதிகாலையிலேயே பாணுக்காக வரிசையில் நின்றோம். எந்தப் பாண் என்பதல்ல, பாண் கிடைக்குமா என்பதே கேள்வி. அக்காலத்தை இன்று ஏக்கத்துடன் நினைவுகூருவோரைக் கண்டால் எனக்கு எரிச்சலே மேலிடுகின்றது. 2022 இல் எரிபொருளுக்கு நாட்கணக்கில் காத்துநின்றவர்களிடம் சென்று தெரிவின்மையின் நிம்மதியைப் பற்றி அவர்கள் பேசிப் பார்க்கட்டும்!

ஆயினும், தெரிவுகள் மனதைக் களைப்படையச் செய்கின்றன என்பதிலும் உண்மை உண்டு. ஷீனா ஐயங்காரும் மார்க் லெப்பரும் கலிபோர்னியாவின் பலசரக்குக் கடையொன்றில் நடத்திய ஆய்வு 2000 ஆம் ஆண்டில் வெளியானது. 24 வகை ஜாம் வைத்தபோது அவ்வழியே சென்றோரில் 60 வீதமானோர் நின்று பார்த்தனர். அவர்களில் வாங்கியவர்கள் 3 வீதத்தினரே. 6 வகை மட்டும் வைத்தபோது நின்றவர்கள் 40 வீதம். அவர்களில் வாங்கியவர்கள் 30 வீதம். ஆனால், இத்தகைய 50 பரிசோதனைகளை ஒன்றுசேர்த்து ஆராய்ந்து 2010 இல் வெளியான கட்டுரையோ, சராசரி விளைவு ஏறத்தாழப் பூச்சியம் என்றது. ஆகவே, எண்ணிக்கை மட்டும் மனிதரைத் தடுமாற வைப்பதில்லை. கறுத்தக் கொழும்பான் வாங்குவதற்கென்றே சந்தைக்குப் போகிறவருக்கு, பக்கத்தில் எத்தனை மாம்பழக் குவியல்கள் இருந்தால்தான் என்ன?

தெரிவு செய்வதையே தொழிலாகக் கொண்டிருந்தவர்கள் நாம். ஆசிரியபீடத்தில் வந்து குவிந்த செய்திகளில் பெரும்பகுதி குப்பைக் கூடைக்கே போனது. பக்கத்தை அச்சுக்கு அனுப்பும் நேரம் நெருங்குகையில் மிகச் சிறந்ததைத் தேடிக்கொண்டிருக்க இயலாது. போதிய தகுதியுள்ளதை எடுத்துத் தலைப்பிட்டு அனுப்புவோம். போதுமானதுடன் நிறைவடையும் இந்த முறைக்கு 1956 இலேயே ஒரு பெயர் சூட்டியவர், பின்னாளில் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற ஹேர்பர்ட் சைமன். எமக்கு அதைக் கற்பித்தது சுவர்க் கடிகாரம்.

இணையம் வந்த பின்னர் அந்த வேலை வாசகரின் தலையில் விழுந்துவிட்டது. பக்க எல்லையும் இல்லை. முடிவு நேரமும் இல்லை. (ஆசிரியர்கள் வெளியிடாமல் மறைத்தவையும் உண்டு, தணிக்கையும் இருந்தது. ஆதலால் பழைய ஏற்பாட்டை நான் புனிதமாக்கவில்லை.) 2009 இன் முதல் மாதங்களில், வன்னியில் உறவுகளை விட்டு வந்திருந்த புலம்பெயர் தமிழர்கள் இரவிரவாக ஒவ்வோர் இணையத்தளமாகத் திறந்து பார்த்தனர். ஒரே நாள், ஒரே இடம், ஆனால் ஒவ்வொன்றிலும் வெவ்வேறு எண்ணிக்கை. அது ஜாம் போத்தல்களின் முன்னால் நிற்பது போன்றதல்ல. தங்கள் பெற்றோர் உயிருடன் இருப்பதாக நம்புவதா, இல்லையா என்பதைத் தாங்களே தெரிவு செய்யவேண்டியிருந்தது.

பத்திரிகைக்காரன் என்பதால் என்னையும் தொலைபேசியில் அழைத்தார்கள். "அண்ணை, இதில எதை நம்பிறது?"

"எண்ணிக்கையை விடுங்கோ. இடத்தையும் ஆக்களின்ர பேரையும் சொல்லி எழுதியிருக்கோ எண்டு பாருங்கோ. ரண்டு தளத்துக்கு மேல தேடாதேங்கோ. பிறகு படுத்து நித்திரை கொள்ளுங்கோ" என்பேன்.

சரி என்பார்கள். விடிவதற்குள் மறுபடியும் தொலைபேசி ஒலிக்கும். மூன்றாவது தளத்திலும் நான்காவதிலும் என்ன போட்டிருக்கிறது என்று வாசித்துக் காட்டுவார்கள்.