எட்டாவது ஸ்வரம்

நியூயார்க்கில், மன்ஹாட்டன் எட்டாம் அவென்யூவை ஒட்டி, மணிக்கணக்கு வாடகைக்கு ஒத்திகை அறைகள் விடும் கட்டடங்கள் சில உண்டு. நடைகூடத்தில் ஒரு கதவுக்குப் பின்னால் சல்சா, அடுத்த கதவுக்குப் பின்னால் நாடகப் பாட்டு. நான் தேடிப் போன அறையில் ஒரு பியானோவும் மடக்கு நாற்காலிகளும் மட்டும் இருந்தன. எழுபதைத் தாண்டிய பியானோ கலைஞர் ஒருவர் வாரந்தோறும் அங்கே பீபாப் என்ற ஜாஸ் பாணியைச் சொல்லித் தருகிறார். பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். மருத்துவமனை ஷிஃப்ட் முடித்து நேராக வந்த நர்ஸ் அம்மா ஒருவர் மடியில் டெனர் சாக்ஸபோன். சுரங்க ரயிலில் வேலை பார்ப்பவர் ஆல்டோவோடு வந்திருந்தார். உணவக வேலைக்கு நடுவே டிரம்பெட் பழகும் ஜப்பானிய இளைஞர், இசைக் கல்லூரிப் பிள்ளைகள் சிலர். யார் கையிலும் தாள் இல்லை.

ஆசிரியர் வாயால் ஒரு வரி பாடுவார். மற்றவர்கள் வாத்தியத்தில் அதைப் பிடிக்க வேண்டும். பிடித்ததும் அடுத்த வரி. இந்த முறை அவருக்கு ஜாஸ் பியானோ கலைஞர் பாரி ஹாரிஸிடமிருந்து வந்தது. 1929இல் டெட்ராய்ட்டில் பிறந்த ஹாரிஸ், 1982இல் மன்ஹாட்டனில் ஜாஸ் கல்ச்சுரல் தியேட்டர் என்ற இடத்தைத் தொடங்கினார். ஐந்து ஆண்டுகளில் அது மூடப்பட்டது. வகுப்பை அவர் விடவில்லை. 2021 டிசம்பரில் இறக்கும்வரை சொல்லிக்கொடுத்துக்கொண்டே இருந்தார். இன்று உலகின் பல ஊர்களில் அவர் பாடம் நடப்பது அந்தப் பிடிவாதத்தால்தான்.

நான் பார்க்க விரும்பியது பீபாப் ஸ்கேல் என்று சொல்கிறார்களே, அது கைக்கு எப்படி வந்து சேர்கிறது என்பதைத்தான். முதலில் அது என்ன என்று பார்த்துவிடலாம். நம் ஸ்வரங்களிலேயே சொல்கிறேன்.

ஹரிகாம்போதியை மேல் ஷட்ஜத்திலிருந்து இறக்குங்கள்: ச நி த ப ம க ரி. ஏழு ஸ்வரம். பின்னால் பியானோவில் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டான கார்டில் இருப்பவை ச, க, ப, கைசிகி நிஷாதம் ஆகிய நான்கு. ஜாஸில் அடிக்கு இரண்டு ஸ்வரம் வாசிப்பது சாதாரணம். அப்படி வாசித்தால் முதல் அடியில் ச விழும். இரண்டாவது அடியில் த, மூன்றாவதில் ம, நான்காவதில் ரி. கார்டைச் சேர்ந்த நி, ப, க மூன்றும் அடிகளுக்கு இடையில் நழுவிவிடும். வாசிப்பவர் ஒரு தவறான ஸ்வரமும் தொடவில்லை. ஆனால் கேட்பவர் காதில் அந்தக் கார்டு நிற்காது.

இப்போது ச-வுக்கும் கைசிகி நிஷாதத்துக்கும் நடுவே காகலி நிஷாதத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்வரம் எட்டாகிறது. முதல் அடியில் ச, இரண்டாவதில் கைசிகி நி, மூன்றாவதில் ப, நான்காவதில் க. கார்டின் நான்கு ஸ்வரங்களும் நான்கு அடிகளில் வந்து உட்காருகின்றன. அடுத்த ஆவர்த்தனத்தின் முதல் அடியில் மறுபடி ச. எத்தனை சுற்று இறங்கினாலும் கணக்கு பிசகாது.

நம் காம்போதியிலும் காகலி நிஷாதம் அந்நிய ஸ்வரமாக வரும். ஆனால் அங்கே அது ஒரு குறிப்பிட்ட பிரயோகத்துக்குரிய அழகு, ராகத்தின் முகம். இங்கே அதே ஸ்வரத்துக்கு வேலை தாளத்தில். இதைப் பார்த்த பிறகுதான் எனக்கு இந்த ஸ்கேல் பிடிபட்டது. ஸ்வர வரிசையாக மட்டும் இதை அச்சிட்டு, மேலே கீழே ஓட்டிப் பழகுங்கள் என்று விட்டுவிடும் புத்தகங்கள், விரலுக்கு வேலை கொடுத்துக் காரணத்தை மறைத்துவிடுகின்றன.

அன்று வகுப்பில் அந்தக் காரணம் கண்ணெதிரே வந்தது. நர்ஸ் அம்மா ச-விலிருந்து இறங்கியபோது எல்லாம் சரியாக விழுந்தது. அடுத்து ரி-யிலிருந்து இறங்கச் சொன்னார் ஆசிரியர். பழகிய கை, கூடுதல் ஸ்வரத்தையும் சேர்த்தே இறங்கியது. ஆசிரியர் பியானோவை நிறுத்திவிட்டார். “சாக்ஸபோனைக் கீழே வையுங்கள். பாடுங்கள். காலால் தட்டுங்கள்.” அந்த அம்மா பாடினார். ரி, காகலி நி, த, ம என்று அடிகளில் விழுந்தவற்றில் ஒன்றுகூடக் கார்டில் இல்லை. இரண்டாம் முறை பாடும்போது தானாகவே அந்த ஸ்வரத்தை விட்டுவிட்டார். ரி, கைசிகி நி, ப, க என்று விழுந்தது. தலையை உயர்த்தி ஆசிரியரைப் பார்த்தார். “அதுதான்,” என்றார் அவர்.

ஹாரிஸின் அரைஸ்வர விதி இதுதான். கார்டில் உள்ள ஸ்வரத்திலிருந்து கிளம்பினால் ஓர் அரைஸ்வரத்தைச் சேர்; ரி, ம, த ஆகியவற்றிலிருந்து கிளம்பினால் சேர்க்காதே, அல்லது இரண்டைச் சேர். விதி சின்னது. அதைப் பன்னிரண்டு சுருதிகளிலும், எந்த இடத்திலிருந்து கிளம்பினாலும் யோசிக்காமல் வரும்படி கையில் ஏற்றுவதற்கு வருடங்கள் ஆகும். சுரங்க ரயில்காரர் இரவுப் பணிக்கு முன்பு ஒரு நாளைக்கு ஒரு சுருதி என்று எடுத்துக்கொள்கிறாராம். மெட்ரோனோமை நிதானமாக வைத்து, அதன் சத்தத்தை இரண்டாவது, நான்காவது அடிகளாகக் கொண்டு பழகுகிறார். முதல் அடியை அவரேதான் உள்ளுக்குள் பிடித்துக்கொள்ள வேண்டும்.

இந்த உழைப்பைத் தொடங்கிவைத்தவர்களின் இடத்தைப் பார்க்க மறுநாள் ஹார்லெமுக்குப் போனேன். மேற்கு 118ஆம் தெருவில், செசில் ஹோட்டல் கட்டடத்தில் 1938இல் ஹென்றி மிண்டன் தொடங்கிய மிண்டன்ஸ் பிளேஹவுஸ் இருந்தது. 1940களின் தொடக்கத்தில் அங்கே தெலோனியஸ் மங்க் பியானோ, கென்னி கிளார்க் டிரம்ஸ். சாக்ஸபோன் கலைஞர் சார்லி பார்க்கரும் டிரம்பெட் கலைஞர் டிஸ்ஸி கில்லெஸ்பியும் வேலை முடிந்த ராத்திரிகளில் வந்து வாசித்தார்கள். 1942 ஆகஸ்டில் அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம் ஒலிப்பதிவுக்குத் தடை போட்டது. பெரிய கம்பெனிகள் இரண்டு 1944 நவம்பர் வரை பணியவில்லை. பீபாப் உருவான ஆண்டுகளில் பெரும்பகுதி இசைத்தட்டில் ஏறாமலே போய்விட்டது. கற்க நினைத்தவர் மேடைக்குப் பக்கத்தில் நின்று காதால் பிடித்தார். அப்போது இந்த ஸ்கேலுக்குப் பெயர் கிடையாது. இந்தியானா பல்கலைக்கழகத்தில் ஜாஸ் கற்பித்த டேவிட் பேக்கர்தான் பின்னாளில் ஒலிப்பதிவுகளை ஆராய்ந்து, பீபாப் ஸ்கேல் என்ற பெயரைப் பரப்பி, மாணவர்களுக்கான பாடப் புத்தகங்களும் எழுதினார். இலக்கணம் எப்போதும் பின்னால் வருவதுதானே.

பார்க்கருக்கு எல்லாம் பிறவியிலேயே வந்தது என்று நம்புகிறவர்கள் உண்டு. நான் நம்பவில்லை. மூன்று நான்கு ஆண்டுகள் நாளுக்குப் பதினொன்று முதல் பதினைந்து மணிநேரம் பழகியதாக, 1954இல் சாக்ஸபோன் கலைஞர் பால் டெஸ்மண்டுக்குக் கொடுத்த வானொலிப் பேட்டியில் அவரே சொல்லியிருக்கிறார். இசை ஆய்வாளர் தாமஸ் ஓவன்ஸ் 1974இல் முடித்த ஆய்வில் பார்க்கரின் மனோதர்ம வாசிப்புகளை நூற்றுக்கும் மேல் ஸ்வரப்படுத்தி, அவற்றில் திரும்பத் திரும்ப வரும் சிறு பிரயோகங்களை ஏறத்தாழ 100 என்று பிரித்துக் காட்டினார். எனக்கு இது பார்க்கரின் பெருமையைக் குறைப்பதாகத் தோன்றவில்லை. அந்த நூறையும் எந்தச் சுருதியிலும், எந்த அடியிலிருந்தும் எடுத்து, முன்பு இணையாத இடத்தில் இணைத்தார். அதற்குத்தான் அத்தனை மணிநேரம்.

வகுப்பிலும் அப்படிப்பட்ட பிரயோகங்களை எட்டாவது ஸ்வரத்தோடு ஒட்டியே கற்பிக்கிறார்கள். ஒரு ஸ்வரத்தை அடையுமுன் மேலே ஒன்றையும் கீழே ஒன்றையும் தொட்டுவிட்டு நடுவில் இறங்குவது அவற்றில் ஒன்று. க-வுக்குப் போகும் வழியில் ம, பிறகு க-வுக்கு அரைஸ்வரம் கீழே, அப்புறம் க. அந்த க அடியில் விழ வேண்டும். மற்ற இரண்டும் எங்கே விழுந்தாலும் காது பொறுத்துக்கொள்ளும்.

ஹார்லெம் போய்வந்த அன்று இரவு கிரீனிச் வில்லேஜில், மேற்கு 10ஆம் தெரு அடித்தளத்தில் 1994இல் தொடங்கிய ஸ்மால்ஸ் கிளப்புக்கு சுரங்க ரயில்காரரோடு போனேன். நள்ளிரவுக்குப் பிறகு ஜாம் செஷன். முதல் வரிசைக்கும் மேடைக்கும் இடையே கை நீட்டும் தூரம்கூட இல்லை. பாட்டு, ரே நோபிள் 1938இல் எழுதிய ‘செரோக்கி’. இதன் கார்டுகளின் மேல்தான் பார்க்கர் 1945 நவம்பர் 26 அன்று ‘கோ-கோ’வைப் பதிவு செய்தார். 64 ஆவர்த்தனம் கொண்ட இந்தப் பாட்டின் நடுப்பகுதியில் பி, ஏ, ஜி என்று நான்கு ஆவர்த்தனத்துக்கு ஒருமுறை சுருதி ஒரு முழு ஸ்வரம் இறங்கும். வேகமோ மூச்சு விட நேரமில்லாத வேகம். பலர் சறுக்குவது அந்த நடுப்பகுதியில்தான்.

மேடையேறிய சுரங்க ரயில்காரர் முதல் சுற்றில் அடக்கமாக வாசித்தார். இரண்டாம் சுற்றில் நடுப்பகுதி வந்தபோது பி சுருதியில் மேலிருந்து ஒரு நீண்ட இறக்கம். அதன் கடைசி ஸ்வரம் ஏ சுருதிக் கார்டின் மேல், முதல் அடியில் விழுந்தது. அதே கணம் டிரம்ஸ்காரர் ஸ்நேரில் ஒரு அடி கொடுத்தார். முன்கூட்டிப் பேசிவைத்ததல்ல. இவர் எங்கே போய் இறங்குவார் என்பது அந்த இறக்கத்தின் பாதியிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. ஸ்வரங்கள் அடிகளில் ஒழுங்காக விழுந்தால் கூட வாசிப்பவர்களுக்கும் வழி தெரிகிறது.

ஜி சுருதிக்கு மாறும் இடத்தில் ஒரு வரி அரை அடி முன்னால் போய் முடிந்தது. மேடையிலிருந்து இறங்கியவுடன் அவர் பேஸ்காரரிடம் நேராகக் கேட்டார்: “எந்த இடம்?” “நாற்பத்தொன்றாவது ஆவர்த்தனம். ஒரு ஸ்வரம் குறைத்துவிட்டாய்.” இருவரும் சுவரோரம் நின்று அந்த நான்கு ஆவர்த்தனத்தை மெல்லிய குரலில் பாடிப் பார்த்தார்கள், விட்ட ஸ்வரம் எங்கே என்று அகப்படும்வரை. அகப்பட்டதும் அவர் வாத்தியத்தைப் பெட்டிக்குள் வைக்காமல், அடுத்த சுற்றுக்காகப் பெயர்ப் பட்டியலில் மறுபடி எழுதிவிட்டு வந்து உட்கார்ந்தார்.