போடி மலையும் வண்ணக் கோடுகளும்

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவுகள். விடியலில் தொழிலாளர்களை ஏற்றிச் செல்லும் ஜீப்புகள் மேலே போகப் போக வெக்கை குறைந்து குளிர் தொடங்கும். அந்தக் குளிரும் மர நிழலும் ஈர மண்ணும்தான் ஏலக்காய்க்கு உயிர்.

2024 கோடையில் மழை பொய்த்து, இடுக்கித் தோட்டங்களில் ஏலச்செடிகள் பெருமளவில் கருகின. காய் குறைந்தால் போடி மின் ஏலத்துக்கு வரும் மூட்டையும் குறையும். தொழிலாளிக்குக் கூலி நாளும் குறையும்.

ஒரு வருஷம் காய்ந்தால் மறுவருஷம் பெய்யும் என்று ஆறுதல்பட்டுக்கொள்வது வழக்கம். நீண்ட கால மாற்றம் அப்படிக் கண்ணில் படாது. அதைக் காட்டவே இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழக விஞ்ஞானி எட் ஹாக்கின்ஸ் 2018-இல் ஓர் ஓவியம் உருவாக்கினார். ஆண்டுக்கு ஒரு கோடு: குளிர்ந்த ஆண்டு நீலம், வெப்பமான ஆண்டு சிவப்பு. அதில் எண்ணே கிடையாது. இடமிருந்து வலமாகச் சிவப்பு கூடுவது எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும்.

மழையளவு நோட்டு வைத்திருக்கும் தோட்டங்கள் மலையில் உண்டு. அந்தக் கணக்கைப் பிள்ளைகள் பள்ளிச் சுவரில் தீட்டலாம்: சராசரியைவிட மழை கூடினால் நீலம், குறைந்தால் பழுப்பு. 30 ஆண்டுக் கணக்காவது இருந்தால்தான் போக்கு தெரியும். நிழல் மரத்தை எவ்வளவு கவாத்து செய்வது, மழைநீரை எங்கே தேக்குவது என்பதை ஊரார் அந்தச் சுவர் முன் நின்றே பேசி முடிவெடுக்கலாம்.